பினாங்கா, கே.எல்.லா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

தமிழ்நாட்டுச் சொந்தம் யாராவது வந்துவிட்டால் எங்கள் வீட்டில் முதல் பேச்சே எங்கே கூட்டிப் போவது என்பதுதான். பேராக் மாநிலத்துச் சின்ன ஊரான எங்கள் சுங்கை சிப்புட்டில் செம்பனையும், மிச்சமிருக்கும் ரப்பர் மரங்களும், தாத்தா பால் வெட்டிய தோட்டமும் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அப்புறம் பட்டணம். ரயிலில் தெற்கே போனால் கே.எல்., அதாவது கோலாலம்பூர்; வடக்கே போனால் பட்டர்வொர்த்தில் இறங்கிக் கடல் தாண்டிப் பினாங்குத் தீவு. போன மாதம் நாகப்பட்டினத்திலிருந்து வந்த அத்தையை இரண்டுக்கும் அழைத்துப் போனேன். தாத்தாவின் தங்கை மகள். வயது எழுபது, முழங்கால் வலி உண்டு.

பயண நேரம் பினாங்குக்குப் பாதிதான். ஆனால் போய் இறங்கியபின் சுற்றுவதற்கு கே.எல். சுலபம். கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனில் எல்.ஆர்.டி. என்கிற நகர ரயிலில் ஏறினால் ஒரே வண்டியில் இரட்டைக் கோபுரம். கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் பத்துமலை வாசலிலேயே இறக்கிவிடுகிறது. பினாங்கில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் போனில் கூப்பிடும் கிராப் வாடகைக் கார்.

நடப்பது வேறு கதை. கே.எல்.லில் எதிரே தெரியும் கட்டடத்துக்குப் போகவும் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சென்ட்ரல் எஸ்கலேட்டரில் அத்தை என் முழங்கையைப் பிடித்த பிடி இரவுவரை வலித்தது. பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ்டவுனில் அந்தப் பயமே இல்லை. 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து 1833-ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயிலுக்குக் கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ‘அஞ்சடி’ நடைபாதை நிழலிலேயே மெல்ல நடந்துவிட்டோம். வழியில் மிளகாய் வற்றல் மூட்டைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து ஒடித்து முகர்ந்தார். கடைக்காரர் கோபிக்கவில்லை. “எந்த ஊரும்மா?” என்று கேட்டார். அரைமணி நேரம் அங்கேயே போனது.

முருகனைப் பார்க்க பத்துமலையே மேல். 272 படி ஏற முடியாவிட்டாலும், 42.7 மீட்டர் உயரச் சிலையின் காலடியில் நின்று கும்பிட்டால் மனம் நிறைகிறது. பினாங்கின் முருகன் கோயிலான தண்ணீர்மலையில் 513 படி; அத்தை கீழேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு ஈடாகப் பினாங்குக் கொடிமலை ரயில் இருக்கிறது. 1923 முதல் மலையேறும் அந்த ரயிலுக்கு முழங்கால் தேவையில்லை. வெளிநாட்டுக்காரருக்கு டிக்கெட் விலை கூடுதல், அந்த வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தனியாக எடுத்து வையுங்கள்.

சாப்பாட்டில் அத்தை சைவம், அதனால் கே.எல்.லின் இந்தியர் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சோறுதான் ஜெயித்தது. மற்றவர்களுக்குப் பினாங்கின் நாசி கண்டார், அதாவது கறிக்குழம்புகளோடு தரும் சோறு, போதும்.

இவ்வளவும் கூட்டிக் கழித்தால் சரிசமமாக வரும். எனக்கு மட்டும் பினாங்குப் பக்கம்தான் தட்டு சாய்கிறது. காரணம் ஃபெர்ரி. பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோய் ஏறினோம். அத்தை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். பிறகு, “மாமா கப்பல்ல வந்து இறங்குனது இங்கதானேப்பா?” என்றார். ஆமாம் என்றேன். அந்தக் காலத்தில் வந்தவர்களை நோய்த்தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் தங்கவைத்துத்தான் தோட்டங்களுக்கு அனுப்புவார்கள் என்று தெற்கே கைகாட்டினேன். கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர், இறங்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் பினாங்கில் இரண்டு இரவு தங்குங்கள். டிசம்பரில் அத்தை மகன் பிள்ளைகளோடு வருகிறான். பிள்ளைகளுக்குக் கோபுரம் பார்க்க வேண்டுமாம். அவர்களுக்கு கே.எல். டிக்கெட் எடுத்தாயிற்று; பினாங்கு அதற்கடுத்த வாரம்.