பிஸ்டனா, டயாஃப்ரமா? ஹெர்மிஸ் வரை இறங்க ஒரு ரெகுலேட்டர்

மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறக்குறைய 9 கி.மீ. தள்ளிக் கிடக்கிறது எச்.எம்.எஸ். ஹெர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைத்த முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. அடிமணல் சுமார் 53 மீட்டரில் இருக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டரோடு முடிந்துவிடுவதால், அங்கே போகிறவர் முதுகில் இரட்டை சிலிண்டர், பக்கத்தில் மேலேறும்போது 21 மீட்டரிலிருந்து மூச்சு விட 50 சதவீத ஆக்ஸிஜன் கலவை, 6 மீட்டருக்குத் தூய ஆக்ஸிஜன் என்று கட்டிக்கொண்டுதான் இறங்குவார். மூச்சுவிட வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவிதான் ரெகுலேட்டர், அதில் சிலிண்டர் வால்வில் மாட்டும் பாகம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். கணக்குப் போட்டால் அது மட்டும் நான்கு. ஒன்றைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நான்கு மடங்கு வருத்தப்பட வேண்டும்.

எதை வாங்கலாம் என்று தேடினால் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பங்கு குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்களுடைய முதல் கேள்வி "உறையுமா?" என்பதுதான். மட்டக்களப்பில் தண்ணீர் 28 டிகிரி. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உப்பு எங்கே தங்கும், யார் பிரித்துச் சரி செய்வார்கள்?

சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுற்றியுள்ள நீரழுத்தத்தை விட 9 அல்லது 10 பார் அதிகமாக இருக்கும்படி குறைத்து ஹோஸுக்கு அனுப்புகிறது. இதைத்தான் ஐபி என்கிறோம், இடைநிலை அழுத்தம். வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் மீதியைப் பார்த்துக்கொள்ளும். குறைக்கும் வேலையை எப்படிச் செய்வது என்பதில்தான் இரண்டு கட்சிகள்.

பிஸ்டன் கட்சிக்கு நல்ல உதாரணம் ஸ்கூபாப்ரோ எம்கே25. நடுவே துளையுள்ள ஒரு பிஸ்டன், அதைத் தாங்கும் ஸ்பிரிங். ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல் நீர் நேராகவே வந்து போகும், ஆழத்தின் அழுத்தத்தை பிஸ்டன் அப்படித்தான் அறிகிறது. அசையும் பாகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். டயாஃப்ரம் கட்சியில் எபெக்ஸ் டிஎஸ்டி, ஸ்கூபாப்ரோவின் சொந்த எம்கே17. இவற்றில் நீர் ஒரு ரப்பர் தகட்டை அழுத்தும், தகடு ஒரு ஊசியைத் தள்ளும், ஊசி வால்வைத் திறக்கும். வெளியே இன்னொரு சவ்வு வைத்து ஸ்பிரிங் அறையையும் மூடிவிட்டால் உப்பு நீர் உள்ளே எதையும் தொடாது.

மூச்சு எதில் எளிது? உண்மையைச் சொன்னால், வித்தியாசம் தெரியாது. இரண்டுமே பேலன்ஸ்டு வகை, சிலிண்டர் 200 பாரில் இருந்தாலும் 50 பாரில் இருந்தாலும் ஐபி அசையாது. 53 மீட்டரில் நீங்கள் இழுக்கும் வாயு மேற்பரப்பில் இருப்பதைப்போல ஆறு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அங்கே மூச்சு கனப்பதற்குக் காரணம் காற்றுதான், அதைக் குறைக்க ஹீலியம் கலக்க வேண்டும். காசு அதிகம் கொடுத்து வேறு ரெகுலேட்டர் வாங்கி அந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது.

குளிரில் நிலைமை வேறு. வாயு விரியும்போது குளிர்ந்து, பிஸ்டன் அறையில் நிற்கும் நீர் பனிக்கட்டியாகி, வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். ஐரோப்பியர்கள் மூடிய டயாஃப்ரமைக் கும்பிடுவது அதனால்தான். அங்கே நியாயம். நமக்கு அது பொருந்தாது.

ஆனால் வேறு வழியாகச் சுற்றி வந்து நானும் அதே டயாஃப்ரமில்தான் நின்றேன். காரணம் உப்பு. படகில் நன்னீர் என்பது ஒரு பிளாஸ்டிக் டிரம். அதில்தான் எல்லோருடைய கேமராவும் மாஸ்க்கும் கிடக்கும். பிஸ்டன் அறையிலிருந்து உப்பு முழுதாகக் கரைந்து வெளியேற நேரம் எடுத்து ஊறப்போட வேண்டும், நீர் மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் ஸ்பிரிங்கின் இடுக்கில் படிகம் உட்கார்ந்து, பிஸ்டனோடு உரசும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மெல்ல மெல்லத் தின்னும். மூடிய டயாஃப்ரமை ஒரு முக்கு முக்கி எடுத்தாலும் மன்னித்துவிடும். சோம்பேறிக்கு டயாஃப்ரம் என்று சொன்னால் கோபிக்காதீர்கள், நானும் அந்தச் சாதிதான்.

பிஸ்டனுக்கும் ஒரு நியாயம் உண்டு. பாகங்கள் குறைவு, தெரிந்தவர் கையில் சீக்கிரம் பிரிந்து சீக்கிரம் கூடும். மூடிய அறையின் வெளிச்சவ்வில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் நீர் உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும். அடுத்த சர்வீஸ் வரை யாருக்கும் தெரியாது. பிஸ்டனில் எல்லாம் திறந்த வீடு, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம்.

ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு மட்டும் நான் கட்சி மாறுவேன். 6 மீட்டரில் வாயு அடர்த்தி ஒரு பொருட்டே அல்ல, எம்கே2 போன்ற பேலன்ஸ் இல்லாத எளிய பிஸ்டன் போதும். சிலிண்டர் காலியாக ஆக அதன் ஐபி கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும். தூய ஆக்ஸிஜன் உள்ளே ஓ-ரிங் எவ்வளவு குறைவாகச் சந்திக்கிறதோ அவ்வளவுக்கு எனக்கு நிம்மதி. 40 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் போகும் எதையும் ஆக்ஸிஜனுக்கென்றே சுத்தம் செய்து, கிறிஸ்டோலூப் மாதிரி அதற்குரிய மசகு போட வேண்டும். சாதாரண சிலிக்கோன் கிரீஸ் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். டைட்டானியம் ரெகுலேட்டரும் இந்த வேலைக்கு ஆகாது. வால்வைத் திறக்கும்போது மெதுவாக.

டின்னா (வால்வுக்குள் திருகி மாட்டுவது), யோக்கா (வால்வின் மேல் கவ்வி இறுக்குவது) என்பதில் விவாதமே இல்லை, டின் தான். ஓ-ரிங் இரண்டு உலோகங்களுக்கு நடுவே சிறைப்பட்டிருக்கும், கப்பலின் இரும்பில் இடித்தாலும் நழுவாது. வாடகை அலுமினிய சிலிண்டர்களில் யோக்குக்காகப் போட்ட செருகி இருக்கும். பலவற்றில் 8 மி.மீ. ஆலன் கீ போட்டுச் சுற்றினால் கழன்று டின் ஆகிவிடும். சாவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பலர் கவனிக்காதது ஹோஸ் எந்தப் பக்கம் விழுகிறது என்பது. எம்கே25-இலும் டிஎஸ்டி-இலும் சுழலும் தலை உண்டு. எம்கே17-இல் இல்லை. இரட்டை சிலிண்டரில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜைச் சாய்த்து மாட்டுவதால் சுழலாத தலையிலும் ஹோஸை ஒழுங்காக இறக்கிவிடலாம், கடையில் ஒருமுறை மாட்டிப் பார்த்தால் போதும். நண்பருக்குக் கொடுக்கும் 2.1 மீட்டர் நீள ஹோஸும் விங்கின் (மிதவைப் பை) காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டரும் வலது வால்விலிருந்து வர வேண்டும். குறுகிய இடத்தில் முன்னேறும்போது மேல்கூரையில் உரசினால் இடது வால்வின் திருகுதான் மூடிக்கொள்ளும், வலது திறக்கும் திசையில் சுற்றும்.

பராமரிப்புக்கு வருவோம். போன சீசனில் ஒரு காலை, படகில் சிலிண்டர்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் 50 சதவீத சிலிண்டரின் செகண்ட் ஸ்டேஜிலிருந்து ட்ஸ்... ட்ஸ்... என்று சில விநாடிக்கு ஒருமுறை சத்தம். இன்ஃப்ளேட்டர் ஹோஸில் மாட்டும் சின்ன அழுத்த கேஜை மாட்டினேன். 9.5 பார். பார்த்துக்கொண்டே இருந்தேன். 10. ஐந்து நிமிடத்தில் 11.5. வால்வு முழுதாக மூடவில்லை, சிலிண்டரின் அழுத்தம் கசிந்து ஏறிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் கிரீப். அன்று நான் இறங்கவில்லை. மற்றவர்களின் குமிழிகளைப் பார்த்தபடி டீசல் புகையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மாதம் முன்புதான் சர்வீஸுக்குக் காசு கொடுத்திருந்தேன். பிறகு பிரித்துப் பார்த்தால், வால்வை அடைக்கும் மென்மையான துண்டான சீட் புதுசு, மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சீட் வந்து அமரும் உலோக விளிம்பில் நூல் போல ஒரு கீறல். பூதக்கண்ணாடியில்தான் தெரிந்தது. பழைய சீட்டை இரும்பு ஊசியால் நெம்பி எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து சர்வீஸ் முடிந்து வாங்கும்போதே, கடைக்காரர் முகம் சுளித்தாலும், கேஜை மாட்டிவிடுவேன். 200 பார் சிலிண்டர், நாலைந்து மூச்சு. ஒவ்வொரு முறையும் முள் டக்கென்று ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடம் தொடாமல் வைத்தால் 0.3 பாருக்கு மேல் ஏறக்கூடாது. அடுத்தது செகண்ட் ஸ்டேஜ். வாயு இல்லாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜை மூடியால் அடைத்து, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து இழுங்கள். உறுதியாக மறுக்க வேண்டும். கொஞ்சமாவது காற்று வந்தால், வெளிமூச்சு வால்வில் மணல் துகளோ மடிப்போ இருக்கிறது. கீழே போனால் அந்த வழியாகத் தண்ணீர் வரும்.

பக்கத்து சிலிண்டர் ரெகுலேட்டர்களில் இன்னொரு ஆபத்து. அழுத்தமில்லாமல் ஆழத்துக்குக் கொண்டுபோனால் வெளிநீரே செகண்ட் ஸ்டேஜ் வால்வைத் தள்ளித் திறந்து ஹோஸுக்குள் ஏறும். ஆகவே இறங்கும் முன் வால்வைத் திறந்து நிரப்பி, பிறகு மூடுங்கள். கழுவும்போதும் அதே கதை: அழுத்தம் இல்லாமல் நீரில் ஊறும் நேரத்தில் செகண்ட் ஸ்டேஜின் வால்வைக் கையால் திறக்கும் பர்ஜ் பொத்தானை அழுத்தாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் என்பது பொதுவான வழக்கம், சில நிறுவனங்கள் இரண்டு ஆண்டு வரை விடலாம் என்கின்றன. நான் நாள்காட்டியை விட ஃபில்டரை நம்புகிறேன். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில் சின்னதாகத் தெரியும் அந்த உலோகச் சல்லடையை டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பழுப்பு என்றால் ஏதோ ஒரு இரும்பு சிலிண்டர் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. கறுப்பு என்றால் கம்ப்ரசரில் கரி. பச்சை என்றால் உப்பு நீர் உள்ளே போயிருக்கிறது, பெரும்பாலும் மூடியை ஈரத்தோடு மாட்டியது நீங்களாகத்தான் இருக்கும்.