உப்புவெளியிலிருந்து திமிங்கிலம் பார்க்கச் செல்லும் படகுப் பயணம்

உயர்தர உயிரியல் மாணவர்கள் எட்டுப் பேருடன் கடந்த மே மாதம் காலை 6 மணிக்குத் திருகோணமலை உப்புவெளிக் கரையிலிருந்து இந்தப் படகில் புறப்பட்டேன். அனைவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி தந்தார்கள். கோணேசர் மலை பின்னால் சிறுத்துப்போன வேளையில் நீலத்திமிங்கிலம் ஒன்று மூச்சுவிட்டெழ, ஓட்டுநர் தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்தினார். துரத்திப் பிடிக்க முயலாத அந்தப் பொறுமைக்காகவே இவர்களை மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

"இது ஆர்க்டிக்கிலிருந்தா வருகிறது, அண்ணா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை, வட இந்து சமுத்திரத்து நீலத்திமிங்கிலங்கள் துருவத்துக்குப் போகாமல் இந்த வெப்பக் கடல்களிலேயே வாழ்கின்றன என்ற வழிகாட்டி, அது அமிழும்போது முதுகின் கடைசியில் தெரிந்த சிறு துடுப்பைக் காட்டினார். ஆண்டு முழுவதும் ஆர்க்டிக்கில் வாழும் வில்தலைத் திமிங்கிலம், நார்வால், பெலூகா ஆகிய மூன்று திமிங்கில இனங்களுக்கும் முதுகுத்துடுப்பே இல்லை. பனிக்கட்டிக்கு அடியில் நீந்த அது வசதி. பிறகு, உப்புநீர் படாதபடி பொலித்தீன் ஒட்டிய அட்டையொன்றை மடியில் விரித்தார். கிரீன்லாந்து வேட்டைக்காரர் ஒருவரின் கொட்டில் கூரையில் 1990இல் ஆய்வாளர் கண்ட விசித்திரமான மண்டையோடு, நார்வால் தாய்க்கும் பெலூகா தந்தைக்கும் பிறந்த கலப்பினத்துடையது என்று 2019இல் டி.என்.ஏ. உறுதிசெய்த கதையைச் சொன்னபோது மாணவர்கள் கடலையே மறந்துவிட்டார்கள். பெலூகாக் குட்டி தாயுடன் நீந்தியே கோடைக்கால விரிகுடாவுக்கு வழி பழகுகிறது; தாய்வழியாக மட்டுமே இறங்கும் இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) டி.என்.ஏ. அதனால்தான் விரிகுடாவுக்கு விரிகுடா வேறுபடுகிறது என்பதையும் தெளிவாக விளக்கினார். வகுப்பில் நான் பல தடவை சொல்லியும் பதியாத பாடம் இது.

குறை இரண்டு. இயந்திரம் ஓடும்போது பின்வரிசைக்கு விளக்கம் கேட்பதில்லை. மற்றது பாரதூரமானது: நார்வாலின் மரபணுப் பல்வகைமை, அதாவது ஓர் இனத்துக்குள் மரபணுக்கள் வேறுபடும் அளவு, குறைவாக இருப்பது அண்மைக்கால அழிவின் அடையாளம் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். 2019இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, அந்தப் பல்வகைமை ஏறத்தாழ பத்து இலட்சம் ஆண்டுகளாகவே குறைவாக இருந்ததையும், இருந்தும் இன்று ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட நார்வால்கள் வாழ்வதையும் காட்டுகிறது. வில்தலைத் திமிங்கிலத்தின் நிலையோ வேறு. வணிக வேட்டை அதன் எண்ணிக்கையைச் சரித்தாலும், இருநூறு ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய விலங்குக்கு ஒரு நூற்றாண்டு என்பது ஓரிரு தலைமுறைதான். இழப்பு மரபணுவில் தெரிவதற்கு முன்பே எண்ணிக்கை சரிந்துவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கற்றுக்கொண்டால் மாணவர் பரீட்சையிலும் பிழைவிடுவார், பாதுகாப்பைப் பற்றியும் பிழையாகவே சிந்திப்பார்.

கரையேறியதும் இதைச் சொன்னேன். "எழுதித் தாங்கோ சேர், மாத்திப்போடுறன்" என்று வழிகாட்டி அட்டையின் பின்பக்கத்தையும் பேனையையும் நீட்டினார்.