ரூல் தேடும் நேரம்: புத்தகமா, போனா, டி.எம். வாக்கா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் புகுந்து பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்கிறவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். இதை ஆடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் யாராவது "இதுக்கு ரூல் என்ன?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான், ஆட்டம் படுத்துவிடும். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் கூடுகிற எங்கள் குழு எல்லா வழியையும் பார்த்தாயிற்று. எதில் தேடுவது என்றுதான் எல்லோரும் மோதிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், யார் தேடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் புத்தகம். 2014ஆம் ஆண்டு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 320 பக்கம். எதிரியைப் பிடித்து மடக்கும் கிராப்பிள் 195ஆம் பக்கத்தில் இருக்கிறது. மடக்கப்பட்டவன் நிலை என்ன என்பதோ கடைசியில், பின்னிணைப்பில். பொருளடைவின் எழுத்துக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். அதுவும் பாதி இடத்தில் "அதைப் பார்" என்று வேறு பக்கம் துரத்தும். (எங்கள் பிரதியில் 195 மட்டும், ரொட்டியைக் குடைந்து ஊற்றித் தரும் பன்னி சௌ குழம்பு பட்டு மஞ்சளாகிவிட்டதால் தானே திறந்துகொள்ளும்.) 2024 பதிப்பில் ரூல்களை அகரவரிசைப்படி பின்னால் தொகுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்காகவே வாங்கலாம்.

புத்தகத்தில் எனக்குப் பிடித்தது, அதில் பதில் ஒன்றுதான். கரண்ட்டும் வேண்டாம். 2023இல் லோட்ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது செல்போன் டவர் பேட்டரி தீர்ந்து சிக்னலும் போய்விடும். சார்ஜ் லைட்டும் புத்தகமும்தான் கைகொடுத்தன.

போன் வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் கிராப்பிள் என்று தேடிப் பாருங்கள். பழைய பதிப்பில் பிடிப்பவரும் பிடிபடுபவரும் ஆளுக்கொரு பகடை உருட்டிப் போட்டி போட வேண்டும். புதியதில் எதிரி மட்டும் தப்பிக்க ஸ்ட்ரெங்த் (பலம்) அல்லது டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) சேவிங் த்ரோ உருட்டுகிறான். இரண்டும் கலந்துதான் திரையில் வரும். ஒருவர் ஒன்றைக் காட்ட, இன்னொருவர் மற்றதைக் காட்ட, இல்லாத சண்டை முளைக்கும். அதோடு, போனைக் கையில் எடுத்தவர் வாட்ஸ்அப்பை எட்டிப் பார்க்காமல் கீழே வைத்து நான் கண்டதில்லை.

போன்தான் சௌகரியம் என்றால் எஸ்.ஆர்.டி. (வெளியீட்டாளர் தரும் அடிப்படை ரூல் தொகுப்பு) பிடிஎஃப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரூல்களுக்கான 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வந்தது. புதியதற்கு 2025இல் 5.2. நெட் தேவையில்லை, பதிப்புக் குழப்பமும் இல்லை. ஒரு குறை: ஒவ்வொரு கிளாஸுக்கும் (வீரனின் தொழில்) ஒரே ஒரு சப்கிளாஸ்தான் (அதன் உட்பிரிவு) அதில் உண்டு.

மூன்றாவது, எதையும் தேடாமல் டி.எம். அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவது.

"அண்ணா, மேசையைக் கவுத்துப் போட்டு அதுக்குப் பின்னால ஒளியலாமா?"

"ஒளி. பாதி மறைவு, ஏ.சி. ரெண்டு கூடும். அடுத்த ஆள் யாரு?"

(ஏ.சி. என்பது அடி படாமல் காக்கும் எண்.) பத்துக்கு எட்டு இடங்களில் இதுவே போதும். தீர்ப்பு தப்பாகவே இருந்தாலும் ஆட்டம் ஓடும்.

ஆனால் உயிர் போகும் இடம் வேறு. ஒரு வீரனின் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கி, அவன் நினைவில்லாமல் கிடக்கிறான். பக்கத்தில் நிற்கும் எலும்புக்கூடு வாளால் குத்துகிறது. விழுந்தவனுக்கு அடிபட்டால் ஒரு டெத் சேவ் (விழுந்தவன் பிழைக்க உருட்டும் பகடை) தோல்வி என்று பலருக்கும் மனப்பாடம். நினைவில்லாதவனை ஐந்தடிக்குள் நின்று தாக்கிப் பட்டால் அது கிரிட்டிகல் (பலத்த அடி), அதனால் தோல்வி இரண்டு என்பது வேறு பக்கத்தில் இருக்கிறது. மூன்றானால் ஆள் காலி. ஏற்கெனவே ஒரு தோல்வி வாங்கியவனுக்கு அந்த ஒற்றைக் குத்தே முடிவு. இங்கே உத்தேசமாகச் சொல்லக் கூடாது. எல்லோரும் நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டத்தான் வேண்டும்.

டி.எம். தன் முன்னால் மறைப்பாக நிறுத்தும் அட்டையான டி.எம். ஸ்கிரீனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிபட்டால், மந்திரத்தை விடாமல் பிடித்திருக்க உருட்டும் கான்சன்ட்ரேஷன் சேவில் எட்ட வேண்டியது பத்தா, வாங்கிய அடியில் பாதியா, இரண்டில் எது பெரிதோ அது. வாராவாரம் கேட்கும் இந்த மாதிரிக் கேள்விகளை அதில் ஒட்டி வைத்தால் சரி.

இனி யார் தேடுவது? டி.எம். தேடவே கூடாது, அவர் குனிந்தால் மேசை மொத்தமும் நின்றுவிடும். இப்போதுதான் தன் முறையை முடித்தவர் தேடட்டும். அடுத்த முறை வர நேரமிருக்கிறது, கையும் சும்மா இருக்கிறது. டி.எம். ஒரு தீர்ப்பைச் சொல்லி ஆட்டத்தை ஓட்டிக்கொண்டே இருப்பார். மந்திரவாதி ஆடுகிறவர் தன் ஸ்பெல்லை முறை வருமுன்னே படித்து வைத்திருக்க வேண்டும். "இருங்க, பார்க்கிறேன்" என்றால் அந்த முறை போயிற்று. எங்கள் குழுவில் எதற்கெடுத்தாலும் வாதாடுகிற ஒரு தம்பி இருந்தான். புத்தகத்தை அவன் கையிலேயே கொடுத்தோம். தேடுகிற வேலை தலையில் விழுந்ததும் வாதம் பாதியாகக் குறைந்தது.

சரியான ரூல் கிடைக்கும்போது ரவுண்டு முடிந்திருந்தால் பின்னோக்கித் திருத்துவதில்லை, நோட்டில் எழுதி அடுத்த வாரத்திலிருந்து அமல். செத்துப்போனவன் விஷயம் மட்டும் விதிவிலக்கு. ரூல் அவன் பக்கம் இருந்தால் எழுப்பி உட்கார வைத்துவிடுவோம்.