ஆத்தங்குடி டைல்ஸ்: வெயில் இருந்தால்தான் குளிர்ச்சியா?

துன்பம் இருந்தால்தான் சுகம் தெரியும் என்பார்கள். சித்திரை வெயிலில் காரைக்குடித் தெருவை நடந்து கடந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஆத்தங்குடிக் கல் (காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமெண்டுத் தரை ஓடு) பதித்த வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றத்தில், கால் வைத்தால் உச்சந்தலை வரை சுகம் ஏறும். அந்தச் சுகத்தில் பாதி வெயில் கொடுத்தது. கல் செய்வது பாதத்தின் சூட்டை இழுப்பது மட்டுமே. மார்கழி விடியலில் அதே தரை வயதானவர்களுக்கு வேதனை, பாய் விரித்தே ஆக வேண்டும். ஆகவே சுகத்துக்குத் துன்பம் துணை என்பது சரிதான், ஆனால் அளவோடு. கொதிக்கும் மொட்டைமாடியில் இதே கல்லைப் பதித்தால் நிறம் மங்கிப்போகும், குளிர்ச்சியும் கிடைக்காது.

இதற்குச் சூளை கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டமும் பூ அச்சும் வைத்து, ஆக்சைடு கலந்த சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி அச்சைத் தூக்குவார்கள். மேலே தூவும் உலர்ந்த சிமெண்டு மணல் ஈரத்தை உறிஞ்சும், அதன்மேல் ஈரக்கலவை. சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி விட்டுவிடும், அதன் வழவழப்பு கல்லில் தங்கும்.

வாங்கும்போது இரண்டு கற்களை முகத்தோடு முகம் வைத்து ஓரம் பாருங்கள். கைவேலை என்பதால் கனம் சற்று மாறும். பசையில் ஒட்டாமல் கலவைப் படுக்கையில்தான் பதிக்க வேண்டும். உடைசலுக்குப் பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே தடவையில் எடுங்கள். ஆசிட் பட்டால் நிறம் போய்விடும். துடைக்கத் தேங்காயெண்ணெய் தொட்ட துணி போதும். மிதிபட மிதிபடப் பளபளப்பு கூடும். கூடத்துக்குத் தாராளமாக வாங்கலாம், குளியலறைக்கு வேண்டாம்.