இகுவானா கூண்டுக்கு எந்தத் தரைவிரிப்பு? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பச்சை இகுவானா மரத்தில் வாழும் பெரிய பல்லி வகைப் பிராணி. கூண்டிலும் பகலெல்லாம் மேல்கிளையில், வெப்ப விளக்குக்குக் கீழேதான் கிடக்கும். அதனால் தரைவிரிப்பிடம் நான் கேட்பது இரண்டே விஷயம்: வாயில் போனால் ஆபத்து வரக்கூடாது, அழுக்கானால் சட்டென்று மாற்ற வேண்டும். காட்டுத் தோற்றமெல்லாம் அப்புறம்.

வாயில் போகத்தான் செய்யும். இகுவானா எதையும் நாக்கால் தொட்டுப் பார்க்கும். கீழே விழுந்த ஈரக் கீரையோடு ஒட்டியிருப்பதையும் விழுங்கும். மணல், மரச்சீவல், உடைத்த வால்நட் ஓடு எல்லாம் குடலை அடைக்கலாம். கூண்டில் சூடு போதாமலோ உடலில் நீர் குறைந்தோ இருந்தால் செரிமானம் மந்தமாகி ஆபத்து இன்னும் கூடும். சிடார் சீவல் பேச்சே வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் மூச்சுப் பாதைக்கு ஆகாது.

செயற்கைப் புல் விரிப்பைக் கொஞ்ச காலம் போட்டிருந்தேன். பார்வைக்குப் பிரமாதம். ஆனால் ஓரம் பிரிந்து நூல் தொங்க ஆரம்பிக்கும். அது விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். துவைத்துக் காய வைப்பதும் தனி வேலை. சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் சமையலறைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

கடைசியில் நிலைத்தது அச்சிடாத வெறும் காகிதம். இதில் எனக்குப் பிடித்ததே, எச்சம் தெளிவாகத் தெரிவதுதான். யூரேட் பகுதி, அதாவது சிறுநீரின் திடக் கழிவு, வெள்ளையாக இருந்தால் சரி. மஞ்சளாகவோ கெட்டியாகவோ தொடர்ந்து வந்தால் நீர்ச்சத்தைக் கவனிப்பேன், மருத்துவரிடமும் காட்டுவேன். அங்கங்கே தெறித்திருக்கும் வெள்ளைப் பொடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இகுவானா உடலில் மிஞ்சும் உப்பைத் தும்மித்தான் வெளியேற்றும்.

காகிதம் ஈரப்பதத்தைத் தேக்காது என்ற குறை உண்மைதான். தேங்காய் நார்த்தூள் அதில் கெட்டி. ஆனால் 70 சதவீதம் அளவுக்கு ஈரப்பதம் வர, தண்ணீர் தெளிப்பதும் பெரிய நீர்த்தொட்டியும் எனக்குப் போதுமாக இருக்கின்றன. நனைந்த காகிதத்தை அன்றே மாற்றிவிடுவேன், விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பிராணி வளர்ந்து கூண்டும் பெரிதான பிறகு தரை முழுக்க வினைல் ஷீட் ஒட்டி, நகம் மாட்டாதபடி ஓரங்களை அடைத்துவிட்டேன். காகிதம் இப்போது அது வழக்கமாக எச்சமிடும் மூலையில் மட்டும். விரிப்புக்கு அடியில் சூடேற்றும் பாய் வைக்கவே இல்லை. வயிற்றில் சுடுவதை இகுவானா சரியாக உணராது, புண்ணாகும் வரை அப்படியே படுத்திருக்கும்.