கிளாடியேட்டர் தொடர்களில் எதைப் பார்ப்பது: ‘ஸ்பார்டகஸ்’ஸா, ‘தோஸ் அபவுட் டு டை’யா?

2010இல் தொடங்கிய ‘ஸ்பார்டகஸ்’, 2024இல் பத்து எபிசோடுகளாக வந்த ‘தோஸ் அபவுட் டு டை’. பிரமாண்டம் இரண்டாவதில்தான். ஆனாலும் என் ஓட்டு முதலாவதுக்கே. காரணம், அடிமையான நாயகன் ஸ்பார்டகஸை விலைக்கு வாங்கிய பாட்டியாட்டஸ்.

இத்தாலியின் காப்புவா நகரில் கிளாடியேட்டர் பள்ளி, அதாவது அரங்கில் வேடிக்கைக்காகச் சண்டையிடும் வீரர்களைப் பழக்கும் பள்ளி, நடத்துபவன் அவன். ரோமில் அந்தத் தொழிலில் காசு உண்டு, மரியாதை கிடையாது. கூட்டிக்கொடுப்பவனுக்குச் சமமாகத்தான் வைத்திருந்தார்கள். அவனுக்கோ அரசியல் பதவி வேண்டும். முதல் சீசனின் பத்தாவது எபிசோடில் நகர நிர்வாகியின் மகனுக்குத் தன் வீட்டிலேயே விருந்து வைக்கிறான். ஸ்பார்டகஸையும் அவன் உயிர் நண்பன் வாரோவையும் வேடிக்கைக்காக மோதவிடுகிறார்கள். தோற்ற வாரோவைக் கொல்லச் சொல்லிப் பையன் கட்டைவிரலைக் காட்டுகிறான். பாட்டியாட்டஸ் திகைக்கிறான். ஆனால் பையனின் அப்பா தயவு வேண்டுமே! வாரோவின் உயிர் போகிறது. அந்தப் பெரிய மனிதரோ இவனுக்குப் பதவியைத் தருவதாயில்லை. மேலே ஏறத் துடிப்பவனின் கணக்கை கிளாடியேட்டரின் ரத்தம் தீர்க்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை. கி.மு. 73இல் நிஜமாகவே அந்தப் பள்ளியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் சமையலறைக் கத்திகளோடு தப்பினார்கள். ஏன் என்பது இங்கே புரிந்துவிடுகிறது.

‘தோஸ் அபவுட் டு டை’ கி.பி. 79இல் நடக்கிறது. இங்கே பாட்டியாட்டஸின் இடத்தில் டெனாக்ஸ். தேர்ப் பந்தயத்துக்குச் சூதாட்டம் நடத்துபவன். நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை என்று பெருங்குடும்பத்தார் கையில் இருக்கும் நான்கு அணிகளுக்கு எதிராகத் தங்க அணி ஒன்றைத் தொடங்கப் பார்க்கிறான். அருமையான கரு. டெனாக்ஸாக இவான் ரியான் நன்றாகவே செய்கிறார். ஆனால் ரோமப் பேரரசர் வெஸ்பாசியனின் வாரிசுச் சண்டை, பிள்ளைகளை மீட்க வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நுமிடியத் தாய், ஸ்பெயின் குதிரைக்காரர்கள், போதாததற்கு வெசூவியஸ் எரிமலை! டெனாக்ஸோடு நாம் ஒட்டுவதற்குள் கதை வேறெங்கோ ஓடிவிடுகிறது. தேர்ப் பந்தயம் மட்டும் இதில்தான் பார்க்க வேண்டும்.

‘ஸ்பார்டகஸ்’ஸில் குறை இல்லாமல் இல்லை. ஆரம்ப எபிசோடுகளில் ஸ்லோமோஷனும் கணினி ரத்தமும் சலிப்பூட்டும். குடும்பத்தோடு பார்க்கவே முடியாது. முதல் சீசனின் நாயகன் ஆண்டி விட்ஃபீல்ட் 2011இல் புற்றுநோயால் இறந்துபோனார். பின்னால் வந்த லியம் மெக்கின்டையரை ஏற்கக் கொஞ்ச நேரமாகும்.

முதல் சீசனை முடித்துவிட்டு, பாட்டியாட்டஸின் பழைய கதையைச் சொல்லும் 2011ஆம் ஆண்டின் ஆறு எபிசோடுகளைப் பாருங்கள், அப்புறம் மற்றவை.