இந்தப் படம் எந்தக் குன்றில் எடுத்தது? லாகர், போன், ப்ளூடூத், ஹாட் ஷூ: ஓர் ஒப்பீடு

மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளில் ஞாயிறுதோறும் கேமராவோடு அலைகிற கூட்டத்தில் நானும் ஒருவன். கீழவளவு, அரிட்டாபட்டி, மாங்குளம், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம் என்று ஒரு நாளைக்கு இரண்டு குன்று ஏறினால் 300 படம் சேர்ந்துவிடும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் எல்லாப் பாறையும் ஒரே பாறை. சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய படுகைகளில் எது எந்தக் குகையில் இருந்தது, மழைநீர் உள்ளே வராமல் இருக்கப் பாறை நெற்றியில் வெட்டிய அந்தக் காடி எந்தக் குன்றில் பார்த்தது, ஒன்றும் நினைவில் நிற்காது. அதனால்தான் படத்துக்குள்ளேயே இடத்தை எழுதிவைக்கும் வேலையில் இறங்கினேன்.

ஒவ்வொரு படத்தோடும் எக்சிஃப் என்ற குறிப்புப் பகுதி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஷட்டர் வேகம், லென்ஸ், தேதி எல்லாம் பதிவாவது அங்கேதான். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கேமரா பார்த்த திசை ஆகியவற்றுக்கும் அதில் கட்டங்கள் உண்டு. போன் அவற்றைத் தானே நிரப்பிவிடும். பெரிய கேமராக்களில் பெரும்பாலானவை காலியாகவே விடும். கேனான் 6டி, நிக்கான் டி5300, இசட்9 போலச் சிலவற்றில்தான் ஜி.பி.எஸ். உள்ளேயே இருக்கிறது. மற்றவர்கள் வெளியிலிருந்து ஏதாவது ஒரு கருவியைக் கொண்டுவர வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

முதல் போட்டியாளர், தனி லாகர்: நாம் போகும் தடத்தை ஜி.பி.எஸ். மூலம் பதிந்துவைக்கும் சிறு கருவி. பையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். சில விநாடிகளுக்கு ஒருமுறை, இத்தனை மணிக்கு இங்கே இருந்தாய் என்று எழுதிக்கொண்டே வரும். கேமராவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வீட்டுக்கு வந்தபின் படத்தின் நேரத்தையும் தடத்தின் நேரத்தையும் மென்பொருள் பொருத்திப் பார்த்து இடத்தை எழுதும். சோனி 2006இல் கொண்டுவந்த ஜிபிஎஸ்-சிஎஸ்1 இந்த வகைதான்: ஒரே ஒரு ஏஏ பேட்டரி, 15 விநாடிக்கு ஒரு புள்ளி. ஹோலக்ஸ் எம்-241 பழைய ஃபிலிம் டப்பா வடிவத்திலேயே வந்தது. ஃபிலிம் காலத்து ஆட்களைக் கவிழ்க்க அது ஒன்றே போதும். இப்போது இவையெல்லாம் பழைய பொருளாகத்தான் கிடைக்கும். புதிதாக வாங்குவதென்றால் கார்மின் ஈட்ரெக்ஸ் போன்ற கைக்கருவிகள் இதே வேலையைச் செய்யும். ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. தீர்ந்தால் பெட்டிக்கடையில் இரண்டு பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சார்ஜர் தேடி அலைய வேண்டாம் என்பது மலையில் எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஏறியவருக்குத் தெரியும்.

பழைய லாகரை மலிவாக வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். கடைசியாக அப்படிப் போனது 2019 ஏப்ரலில். அதைச் சமாளிக்கத் தெரியாத பழைய கருவி, மணியையும் நிமிடத்தையும் சரியாகக் காட்டிக்கொண்டே தேதியை மட்டும் பத்தொன்பதரை வருடத்துக்கு மேல் பின்னால் தள்ளிவிடும். தடம் இருக்கும், படம் இருக்கும், இரண்டும் ஒட்டாது. தடத்தின் தேதிகளில் 7168 நாளைக் கூட்டினால் சரியாகிவிடும். ஆனால் விஷயம் தெரியாதவர் கருவி போய்விட்டது என்று குப்பையில் போட்டுவிடுவார்.

இரண்டாவது, போனையே லாகராக்குவது. ஆண்ட்ராய்டில் ஜி.பி.எஸ். லாகர் என்ற திறமூலச் செயலி இருக்கிறது. ஓஸ்ம்ஆண்ட் வரைபடச் செயலியும் தடம் பதியும். செலவு எதுவும் இல்லை. ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் இப்போதைய போன்களில் ஜி.பி.எஸ். வேலை செய்யும், பேட்டரியும் நீடிக்கும். நெட் உதவி இல்லாததால் முதல் புள்ளி கிடைக்க மட்டும் சற்று நேரமாகும். ஆகவே அடிவாரத்தில் வண்டியை நிறுத்தும் முன்பே பதிவை ஆரம்பித்துவிடுங்கள்.

இதில் எதிரி ஜி.பி.எஸ். இல்லை, போனின் பேட்டரி சிக்கனம். திரை அணைந்து கொஞ்ச நேரமானதும் பின்னணியில் ஓடும் செயலியைப் போன் சத்தமில்லாமல் கொன்றுவிடும். மாங்குளத்தில் ஏறும்போது ஆரம்பித்தேன். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும், தமிழி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டைப் பார்த்து, சாப்பிட்டு, இறங்கி வந்து போனைத் திறந்தால் முதல் பதினோரு நிமிடம்தான் பதிவாகியிருந்தது. அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். போன் அப்டேட் ஆன பிறகு அது நீக்கியபடியே இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ப்ளூடூத் இணைப்பு. நிக்கானுக்கு ஸ்னாப்பிரிட்ஜ், கேனானுக்குக் கேமரா கனெக்ட், சோனிக்குக் கிரியேட்டர்ஸ் ஆப். போன் தன் இடத்தைக் கேமராவுக்குச் சொல்லும், கேமரா படம் எடுக்கும் அந்தக் கணமே எழுதிவிடும். வீட்டில் உட்கார்ந்து பொருத்தும் வேலையே இல்லை. கேமரா மாற்றமில்லாமல் சேமிக்கும் மூலக் கோப்பான ராவ் கோப்புக்குள்ளேயே இடம் வந்துவிடும். விளம்பரத்தில் பார்த்தால் போட்டி இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியாததற்குக் காரணம், இணைப்பு அறுந்தால் அது யாருக்கும் தெரிவதில்லை. கேமராவின் மூலையில் ஒரு சின்னக் குறி மறையும், அவ்வளவுதான். கல்வெட்டைப் பார்க்கிறவன் அந்தக் குறியையா பார்த்துக்கொண்டிருப்பான்? நண்பர் ஒருவர் காலை முழுக்க எடுத்த படங்களில் பாதிக்கு இடமே இல்லை. லாகராக இருந்தால் நடுவில் பத்து நிமிடம் விட்டுப்போனாலும் இரு பக்கப் புள்ளிகளை வைத்து ஊகிக்கலாம். இங்கே ஊகிக்க ஒன்றுமே மிச்சமில்லை. ப்ளூடூத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று: இடத்தோடு சேர்த்துக் கேமராவின் கடிகாரத்தையும் போன் திருத்திவைக்கும் வசதி. நான் அதற்காக மட்டுமே அதை வைத்திருக்கிறேன்.

நான்காவது, கேமராவின் தலைமேல் ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் உட்காரும் ஜி.பி.எஸ். நிக்கானின் ஜிபி-1 2008இல் டி90 கேமராவோடு வந்தது. மின்சாரத்தைக் கேமராவிலிருந்தே உறிஞ்சும். கேனானின் ஜிபி-ஈ2 2012இல் வந்தது. அதற்கு ஒரு ஏஏ பேட்டரி. ஈ2வில் திசைமானியும் உண்டு, தனியாக லாகராகவும் ஓடும். சிற்பம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பதிவதற்குத் திசை மிகவும் பயன்படும். ஆனால் தேய்ந்த எழுத்தைப் படிக்கப் பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும். அதற்காகத் தள்ளிவைத்த ஃப்ளாஷை இயக்கும் ட்ரிக்கர் உட்காருவதும் அதே ஹாட் ஷூவில்தான். இரண்டு பேருக்கு ஒரே நாற்காலி. கேபிள் மாட்டிக் கருவியைத் தோள்பட்டை வாரில் தொங்கவிடலாம், புதரில் மாட்டும் வரை. இந்த வகையை நான் கடைசியில்தான் வைப்பேன்.

நாலுக்கும் பொதுவான ஒரு தொல்லை, வானம். படுகைகள் இருப்பதெல்லாம் முன்னால் நீண்ட பாறைக்கு அடியில். கருவிக்குப் பாதி வானம் மறைந்துவிடும். வருகிற அலைகளும் பாறையில் பட்டுத் தெறித்து வரும். நான் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பேன், தடத்தில் பார்த்தால் ஆட்டுக்குட்டி மாதிரி இங்கும் அங்கும் துள்ளியிருக்கும். ப்ளூடூத்திலும் ஹாட் ஷூவிலும் அந்தத் துள்ளல் அப்படியே படத்துக்குள் போய்விடும். லாகரென்றால் குகைக்கு வெளியே திறந்த பாறையில் பையோடு வைத்துவிட்டு உள்ளே போகலாம். இருபது மீட்டர் வித்தியாசத்தில் குடி முழுகிவிடாது. அழகர்மலைப் பக்கம் மட்டும் வேண்டாம், குரங்கு எடுத்துப்போனால் அதன் தடத்தைத்தான் அப்புறம் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி கடிகாரம். லாகரோ போனோ, தடம் வைத்துப் பொருத்தும் முறை நிற்பதும் விழுவதும் இதில்தான். கேமராவின் கடிகாரம் ஒரு நிமிடம் தப்பாக இருந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறவருக்கு 83 மீட்டர் பிசகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் போகிறவருக்கு 650 மீட்டரைத் தாண்டிவிடும். அப்புறம் கருவி மூன்று மீட்டர் துல்லியமா ஐந்து மீட்டர் துல்லியமா என்று கடையில் நின்று பேசுவதில் என்ன இருக்கிறது?

இதோடு நம் ஐந்தரை மணியும் சேரும். தடக் கோப்பான ஜி.பி.எக்ஸ்., உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படும். கேமராவில் நாம் வைத்திருப்பது இந்திய நேரம், அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நான் முதலில் பயன்படுத்திய ஓர் இலவச மென்பொருளில் முழு மணிகளை மட்டுமே தேர்ந்தெடுக்க முடிந்தது. அரைமணி ஒன்றும் செய்யாது என்று 5ஐ அழுத்தினேன். கீழவளவுப் படுகைகள் அத்தனையும் மேலூர் டீக்கடையில் போய் விழுந்தன. அரைமணி கழித்து நான் இருந்த இடம் அதுதானே!

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் முதல் படமாக, விநாடியோடு நேரம் காட்டும் போன் திரையைக் கேமராவில் எடுத்துவிடுங்கள். திரையில் தெரியும் நேரத்துக்கும் அந்தப் படத்தின் எக்சிஃபில் பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மென்பொருளில் கொடுத்தால் போதும். கட்டளை எழுதத் தயங்காதவர்களுக்கு எக்சிஃப்டூல் என்ற மென்பொருள். அது இலவசம், மூலப்படத்தின் நகலையும் தானே வைத்துக்கொள்ளும். புள்ளிகளுக்கு இடையே அரைமணி வரை இடைவெளி இருந்தாலும் நேர்கோடு போட்டு நிரப்பிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. குன்றைச் சுற்றி நடந்திருந்தால் குன்றுக்கு நடுவே புகுந்து போனதாகக் காட்டும், அந்த அரைமணி எல்லையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கட்டளை வேண்டாம் என்பவர்களுக்கு டிஜிகாம் இலவசமாக இருக்கிறது, காசு கொடுத்தவர்களுக்கு லைட்ரூம் கிளாசிக்கின் வரைபடப் பகுதி இருக்கிறது.

போட்டியில் பெயர் கொடுக்காத ஐந்தாவது ஆள் ஒருவர் உண்டு. போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரே ஒரு படம் எடுத்துவிடுவது. வீட்டில் அந்தப் படத்தின் இடத்தை நகலெடுத்துக் கேமராப் படங்கள் எல்லாவற்றிலும் ஒட்டிவிடலாம், டிஜிகாமில் சில சொடுக்குகள்தான். நாளுக்கு நாலு இடம் மட்டும் பார்க்கிறவருக்கு, நடுகல் தேடிப் போகிறவருக்கு, இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நடந்துகொண்டே பறவை எடுப்பவருக்கு இது ஒத்துவராது. அவர் லாகரோ போன் தடமோ வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கையில் இருப்பது போன் மட்டும் என்றால் என் ஓட்டு போன் தடத்துக்கே. இரண்டு நாளுக்கு மேல் சார்ஜ் இல்லாத இடத்துக்குப் போனால் ஏஏ பேட்டரிக் கருவி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வகைக் கருவியை லாகராக நினைத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம். அதற்கு இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே சிக்கல். வெறும் லாகர் அலையை வாங்குமே தவிர எதையும் அனுப்பாது, அதனால் அதற்கு இந்த வம்பு இல்லை.

இன்னொன்று. படத்தில் எழுதிய இடம் படத்தோடு ஊர் சுற்றும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் உதிர்ந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். பழங்காலப் புதைகுழிகள் உள்ள ஈமக்காடுகளைப் புதையல் என்று தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் என்னிடம் எல்லாப் படமும் இரண்டு பிரதி: இடம் எழுதியது வீட்டு ஹார்ட் டிஸ்கில், இடம் அழித்தது வெளியே போக.